புளியா, சோடாவா, கரியா, சாம்பிராணியா? வீட்டு வாடைக்கு எதை எடுப்பது

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சாளை மலிவாகக் கிடைத்தால் இரண்டு கிலோ வாங்கிவிடுவேன். உவரிப் பக்கமிருந்து விடியற்காலையில் வந்த மீன் என்றால் செவுள் சிவந்தே இருக்கும். குழம்பும் பொரியலும் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். கவிச்சி வாடை மட்டும் செவ்வாய்க்கிழமை வரை அடுக்களையை விட்டுப் போகாது. கல்யாணமாகி வந்த புதிதில் இதற்கு ஆப்பசோடாவைத்தான் நம்பினேன். சட்டியில் போட்டு, சிங்க்கில் போட்டு, கையில் தேய்த்து, ஒரு பாக்கெட்டே காலியாகும். வாடை போகாது. சில நாள் கூடவே செய்யும்.

என் மாமியார் இரண்டு மூன்று வாரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் குழம்புக்குக் கரைத்துப் பிழிந்த புளிச் சக்கையை வாங்கி, மீன் சட்டியின் உள்பக்கம் முழுக்க அழுத்தித் தேய்த்தார். கூடவே ஒரு கை கல்லுப்பு. கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவி, சட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இப்பம் மோந்து பாருளா." ஈர மண்ணின் வாசனைதான் வந்தது.

இதை இப்போது எழுதக் காரணம் என் மதினி மகள். போன மாதம் பெருமாள்புரத்தில் வாடகை வீடு பார்த்துக் குடியேறினாள். மூன்றாம் நாளே போன். "அத்தை, வீட்டுல என்னமோ வாடை அடிக்கு. ரூம் ஸ்ப்ரே வாங்கட்டா, இல்ல நீங்க சொல்லுத மாதிரி எலுமிச்சம்பழம், சோடா எதாவது வைக்கட்டா?" என்ன வாடை என்று கேட்டேன். "வாடைதான், கெட்ட வாடை" என்றாள். அதில்தான் சிக்கலே. வாடைக்குப் பெயர் தெரியாமல் மருந்து சொல்ல முடியாது.

நம் பேச்சில் ஒவ்வொரு வாடைக்கும் தனிப் பெயர் உண்டு. மீனுக்கும் முட்டைக்கும் கவிச்சி. கெட்டுப்போன சோற்றுக்கும் சாம்பாருக்கும் ஊசல் வாடை. பழைய எண்ணெய்க்குச் சிக்கு வாடை. நனைந்து காயாத துணிக்கு முடை வாடை. மழைக்காலச் சுவருக்குப் பூஞ்சை வாடை. இவை எல்லாம் ஒரே பொருளிலிருந்து வருவதில்லை. அதனால் ஒரே மருந்துக்கும் அடங்குவதில்லை. எலுமிச்சை, சோடா, வினிகர், கரி, காபித்தூள், சாம்பிராணி என்று எல்லோரும் சொல்லும் பட்டியல் சரியானதுதான். எதற்கு எது என்பதைத்தான் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

முதலில் கவிச்சி. கடல் மீனின் உடம்பில் ட்ரைமெத்திலமின் ஆக்சைடு என்ற பொருள் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் உயிர்வாழ அது மீனுக்குத் தேவை. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை ட்ரைமெத்திலமினாக மாற்றிவிடும். கவிச்சி என்று நம் மூக்கு பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான். அது காரத்தன்மை உடையது. சட்டியிலிருந்து எளிதில் ஆவியாகிக் காற்றில் ஏறும். புளிப்பு பட்டால் அது ஒரு வகை உப்பாகிவிடும். உப்பு காற்றில் பறக்காது, தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். ஆப்பசோடா புளிப்புக்கு நேர் எதிர், அதுவும் காரம். அதனால் சோடா போட்டபோது வாடை அடங்குவதற்குப் பதில் கிளம்பிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. சட்டியை மோந்து மோந்து கண்டுபிடித்து வைத்திருந்தார்.

புளிப்பு என்று முடிவான பிறகு எந்தப் புளிப்பு என்ற கேள்வி வருகிறது. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், கடையில் விற்கும் வெள்ளை வினிகரில் 4 முதல் 5 சதவீதம் அசெட்டிக் அமிலம். மூன்றுமே கவிச்சியை அடக்கும். என் கணக்கில் மண்சட்டிக்குப் புளிச் சக்கைதான் முதலிடம். காசு செலவு கிடையாது, குழம்பு வைக்கிற அன்றைக்குக் கையருகிலேயே கிடக்கும், நாரும் சக்கையும் சேர்ந்து தேய்க்கவும் வாகாக இருக்கும். வினிகரை மண்சட்டி உறிஞ்சிக்கொள்ளும், அடுத்த குழம்பில் அதன் நெடி தெரியும். கைக்கும் கத்திக்கும் அரிவாள்மனைக்கும் எலுமிச்சை மூடி போதும். புளியங்குடிப் பழம் வந்து குவியும் காலத்தில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். கோடையில் விலை ஏறும்போது சாறு பிழிந்த மூடிகளை உப்புப் போட்டு டப்பாவில் வைத்துக்கொள்வேன், ஒரு வாரம் தாங்கும். பிளாஸ்டிக் டப்பா, வாளி, மீன் வாங்கப்போகும் கூடை இவற்றுக்கு வினிகர் நல்லது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். அதன் நெடி கொஞ்ச நேரத்தில் தானே போய்விடும்.

புளிப்புக்கு ஆகாத இடமும் உண்டு. நம் பக்கத்து வீடுகளில் அடுக்களை மேடை பலவும் கடப்பைக் கல். அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சையோ வினிகரோ நின்றால் பளபளப்புப் போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். என் மேடையில் அப்படி ஒரு திட்டு, எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்த வட்டம் அப்படியே, பத்து வருஷமாக இருக்கிறது. மார்பிள் தரைக்கும் இதே கதிதான். கிரானைட்டுக்குப் பயமில்லை. அலுமினியச் சட்டியிலும் புளிப்பை ராத்திரி முழுக்க ஊறவைக்காதீர்கள், பாத்திரத்தை அரிக்கும்.

குளத்து மீன் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெண்டையிலும் ஜிலேபியிலும் வருவது கவிச்சி மட்டும் அல்ல, சேற்று வாடையும் சேர்ந்தது. குளத்துச் சேற்றிலும் பாசியிலும் வாழும் நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து வருகிறதே ஒரு வாசனை, அதற்கும் காரணம் இதே ஜியோஸ்மின்தான். மண்ணில் இருந்தால் நெஞ்சு நிறைய இழுக்கிறோம், மீனில் இருந்தால் முகம் சுளிக்கிறோம். புளிப்பு இதையும் உடைக்கும். சமைக்கும் முன் உப்பு போட்டு உரசிக் கழுவி, புளித்த மோரிலோ புளித் தண்ணீரிலோ கால் மணி நேரம் போட்டு வையுங்கள்.

மீன் பொரித்த வாடை வேறு ரகம். எண்ணெய்ப் புகையோடு ஏறித் திரைச்சீலையிலும் மின்விசிறி இறக்கையிலும் ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தில் எதை வைத்தாலும் அது இறங்காது. பொரிக்கும்போதே புறவாசல் கதவைத் திறந்துவைப்பது, அப்புறம் திரையைத் துவைப்பது, இந்த இரண்டும்தான் வழி.

அப்படியானால் ஆப்பசோடா எதற்கு? புளிப்பு வாடைக்கு. வியர்வை, புளித்த பால், சாப்பாட்டு டப்பா, மாவு வைத்த பாத்திரம், எல்லாம் அமில வாடைகள். பிள்ளைகளின் ஷூவைக் கழற்றும்போது வரும் வாடைக்கு முக்கியக் காரணம் ஐசோவலெரிக் அமிலம். காலின் வியர்வையைப் பாக்டீரியா தின்று உண்டாக்குவது. அதற்குச் சோடா மாதிரி ஒன்று கிடையாது. கிழிந்த பழைய சாக்ஸில் இரண்டு ஸ்பூன் சோடா போட்டு முடிச்சுப் போட்டு, சாயங்காலம் ஷூவுக்குள் திணித்து வைத்தால் காலையில் எடுத்துவிடலாம். சோடாவை நேரே ஷூவுக்குள் கொட்டினால் தையலில் போய் அடைத்துக்கொள்ளும், மறுநாள் கறுப்பு சாக்ஸ் வெள்ளையாக வரும். பால் கொட்டிய சோபாவுக்கும் இதுதான். முதலில் ஈரத்துணியால் பாலைத் துடைத்தெடுத்துவிட்டு, சோடா தூவி, காய்ந்த பின் தட்டிவிட வேண்டும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சோடாவும் போட்டுக் கொதிக்கவிட்டால் தீய்ந்த வாடையும் போகும், பிடித்ததும் உரிந்து வரும். எவர்சில்வருக்கு மட்டும் இது. அலுமினியம் சோடா பட்டால் கறுத்துவிடும். எண்ணெய் டின்னின் சிக்கு வாடைக்குச் சோடாவை விடச் சீயக்காய்த் தூள் எனக்குப் பிடித்தது. சுடுதண்ணீரில் குழைத்து உள்ளே சுழற்றிவிட்டால் எண்ணெய்ப் பிசுக்கோடு வாடையும் வந்துவிடும்.

வினிகரையும் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் இரட்டைப் பலன் என்று இப்போது பலர் செய்கிறார்கள். நுரை பொங்குவது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயு பறந்து, மிச்சம் நிற்பது கொஞ்சம் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீர். கவிச்சிக்கும் அது ஆகாது, ஷூவுக்கும் ஆகாது. இரண்டு பொருளும் வீண். ஒன்றைப் போட்டுக் கழுவிக் காயவிட்டு, தேவையென்றால் பிறகு மற்றதைப் போடுங்கள்.

ஃப்ரிட்ஜ் விஷயத்தில் என் முடிவு பலருக்குப் பிடிக்காது. சோடா டப்பாவைத் திறந்து உள்ளே வைப்பதில் பெரிய பலன் இல்லை. காற்று தொடுவது டப்பாவின் வாய் அளவு மட்டும்தானே. வைப்பதாக இருந்தால் அகலத் தட்டில் பரப்பி வையுங்கள், மாவு வாடைக்கு ஓரளவு கேட்கும். பூண்டு, வெங்காயம், முந்தாநாள் கறி எல்லாம் கலந்த ஃப்ரிட்ஜுக்குக் கரிதான். கரி வாடையைக் கெடுப்பதில்லை, பிடித்து வைத்துக்கொள்கிறது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருப்பதால் ஆவி அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆலையில் நீராவியும் கடுஞ்சூடும் கொடுத்துத் தயாரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமுக்கே 500 சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு இருக்கும். நம் தேங்காய்ச் சிரட்டைதான் அதற்கு முக்கியமான மூலப்பொருள்களில் ஒன்று. இஸ்திரிக் கடையில் கிடைக்கும் சாதாரணச் சிரட்டைக் கரிக்கு அந்த அளவு வலு கிடையாது. ஆனாலும் ஒரு கிண்ணம் நொறுக்கி, மெல்லிய துணியில் கட்டி வைத்தால் வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெயிலில் காயப்போட்டுத் திரும்ப வைக்கலாம், முழுப் பலம் திரும்பாது. கட்டாயம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆக்டிவேட்டட் கார்பன் பைக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. காபித்தூளும் வாடையை ஓரளவு இழுக்கும், ஆனால் தன் மணத்தை எல்லாவற்றிலும் ஏற்றும். மல்லிகைப்பூ வைக்கிற வீட்டில் வேண்டாம். டிக்காஷன் எடுத்த ஈரச் சக்கையை வைக்கவே கூடாது, அதுவே பூஞ்சை பிடிக்கும்.

எதை வைப்பதற்கு முன்னாலும் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கம்ப்ரெஸருக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பாருங்கள். பல வீட்டில் வாடையின் ஊற்றே அதுதான். வாங்கின நாள் முதல் அதைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள்.

இனி ஈர வாடை. இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது, ஏனென்றால் 2023 டிசம்பரைப் பார்த்துவிட்டோம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. எங்கள் வீடு வண்ணார்பேட்டையில், ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம். பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு வந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் குமட்டும். ஆற்றுச் சகதி, வாருகால் தண்ணீர், ஊறின அரிசி, செத்த எலி, எல்லாம் சேர்ந்த நாற்றம்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு வழியைப் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா காலையும் மாலையும் சாம்பிராணி போட்டார். எதிர்வீட்டில் பினாயிலை வாளி வாளியாக ஊற்றினார்கள். நாங்கள் முதல் இரண்டு நாள் எந்த மருந்தும் போடவில்லை. சகதியை மண்வெட்டியால் வழித்து வெளியே தள்ளினோம். மெத்தை, பாய், துணி, பீரோவின் தட்டுகள், கதவு கழற்ற முடிந்த அலமாரி எல்லாம் மொட்டைமாடிக்குப் போயின. ஈரம் பட்ட பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அந்த இரண்டு நாளைச் சாம்பிராணியில் கழித்தால் திரும்பக் கிடைக்காது. பத்து நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டு நடையில் வந்து நின்று, "ஒங்க வீட்டுல மட்டும் எப்படிளா போச்சு?" என்று கேட்டார். அவர் வீட்டில் நாற்றமும் புகையும் சேர்ந்து ஒரு மூன்றாவது வாடையாகிச் சுவரோடு தங்கிவிட்டிருந்தது. அன்றைக்கு மத்தியானமே இரண்டு வீட்டாரும் சேர்ந்து அவர் மரச்சாமான்களை வெயிலுக்குத் தூக்கிப் போட்டோம்.

வெயிலை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறேன் என்றால், மற்றதெல்லாம் வாடையோடு சண்டை போடுகிறது, வெயில் வாடை உண்டாகிற இடத்தையே உலர்த்துகிறது. பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் ஈரம் வேண்டும். ஈரம் போனால் அவை அடங்கும், வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பில் இருப்பதைக் கொல்லவும் செய்யும். பருத்தித் துணிக்கும் தலையணைக்கும் மரத்துக்கும் பாத்திரத்துக்கும் இதற்கு ஈடு கிடையாது. பட்டுச் சேலையையும் பத்தமடைப் பாயையும் மட்டும் கொளுத்தும் வெயிலில் போடாதீர்கள், சாயம் வெளுக்கும். கோரைப் பாயை நிழலில், காற்றோட்டத்தில், கொடியில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் திருப்பிக் காயவைக்க வேண்டும். லேசான ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த முறை விரிக்கும்போதே தும்மல் வரும்.

காப்பாற்ற முடியாததும் உண்டு. சாக்கடைத் தண்ணீர் குடித்த இலவம்பஞ்சு மெத்தையை நாங்கள் நான்கு நாள் காயவைத்தோம். மேலே காய்ந்தது, உள்ளே கை விட்டால் சில்லென்று இருந்தது. என் கல்யாணத்துக்கு அம்மா தைத்துக் கொடுத்த மெத்தை. தூக்கிப் போட்டுவிட்டோம். அப்படிப்பட்ட மெத்தைக்கு எந்தக் கைமருந்தும் சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயத்தில் எல்லோர் கையிலும் பிளீச்சிங் பவுடர் இருந்தது. சகதியைக் கழுவிய பிறகு தரைக்கு அது நல்லதுதான். ஆனால் அதோடு வேறு எதையும் கலக்கக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே கழிவறை ஆசிட்டையும் ஊற்றிவிட்டார்கள். குளோரின் வாயு கிளம்பி, உள்ளே இருந்தவர் இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து திண்ணையில் அரை மணி நேரம் மூச்சு வாங்கினார். வினிகர், எலுமிச்சைச் சாறு இவற்றோடும் பிளீச்சிங் பவுடர் சேரக் கூடாது. அமோனியா கலந்த கிளீனரோடு சேர்ந்தாலும் விஷ வாயுதான் வரும். வீட்டு மருந்துதானே என்று இதில் அலட்சியம் வேண்டாம்.

சுவரின் பூஞ்சை வாடைக்கு நான் பழைய வழிக்கே திரும்பினேன். சேரன்மகாதேவியில் என் பிறந்த வீட்டில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடிப்பார்கள். நீற்றின சுண்ணாம்பு கடுமையான காரம், அதன் மேல் பூஞ்சை எளிதில் பிடிக்காது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடும். பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து, ஒரு நாள் கொப்புளமாகக் கிளம்பும். வெள்ளத்துக்குப் பிறகு பின்கட்டு அறைச் சுவரில் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். பெயிண்ட் மேலேயே அடித்தால் ஒட்டாது, உதிர்ந்துவிடும். முன் பட்டாசலில் பெயிண்டே இருக்கட்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இரண்டு மழைக்காலம் போய்விட்டது, ஐப்பசி கார்த்திகையில் பட்டாசல் மூலையில் வாடை வருகிறது, பின்கட்டில் வரவில்லை. சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீரோ வாடைக்கு ரசகற்பூர உருண்டை போடுவது நம் வீடுகளில் சாதாரணம். அது நாப்தலின். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதை நிறுத்திவிடுங்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு, உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றினாலே ரத்த அணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை வரலாம். துணியை நன்றாகக் காயவைத்து, நடுவில் வெட்டிவேர் ஒரு கட்டு வைத்தால் போதும்.

மூத்திர வாடையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவார்கள். பேசியே ஆக வேண்டும். என் மாமியார் கடைசி ஒன்றரை வருஷம் பக்கவாதத்தில் படுக்கையில் இருந்தார். மண்சட்டியை மோந்து பார்த்த அதே மூக்கு, தன் படுக்கையையும் மோந்துகொண்டே இருந்தது. யாராவது வரும் சத்தம் கேட்டால் என்னைக் கூப்பிட்டு, "வாடை அடிக்குமோளா?" என்று மெல்லக் கேட்பார். அவருக்கு நோவை விட அதுதான் பெரிய வேதனை.

மூத்திரம் போன உடனே அவ்வளவு வாடை இருக்காது. நேரம் ஆக ஆக அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியா உடைத்து அமோனியா உண்டாக்கும். மூக்கில் ஏறுவது அதுதான். அமோனியாவும் காரம், ஆகவே மீன் சட்டிக்குச் சொன்ன கணக்கே இங்கேயும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து மெத்தையில் ஒற்றி ஒற்றி எடுப்பேன். தேய்க்கக் கூடாது, உள்ளே இறங்கிவிடும். முழுக்கக் காய்ந்த பிறகு சோடா தூவி, மறுநாள் காலையில் தட்டிவிடுவேன். முதலாவது அமோனியாவை எடுக்கும், இரண்டாவது மிச்சப் புளிப்பு வாடையை எடுக்கும். இந்த இடத்தில் புளிச் சக்கையும் எலுமிச்சையும் சரிவராது, கறை பிடித்துப் பிசுபிசுக்கும். இரண்டு மெத்தையை மாற்றி மாற்றி மாடியில் போட்டது எல்லாவற்றையும் விடப் பெரிய உதவி. சேலைகளைத் துவைக்கும்போது கடைசி அலசலில் அரை டம்ளர் வினிகர். இத்தனையும் தினமும் செய்தால்தான் வாடை அண்டாது. ஒரு நாள் விட்டால் அவர் கண்ணிலேயே தெரிந்துவிடும்.

மதினி மகளின் வீட்டு வாடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் போய்ப் பார்த்தேன். முன்னறையில் ஒன்றுமில்லை. பின்னால் ஒரு பாத்ரூம், அவர்கள் பயன்படுத்துவதில்லை, வீடு பூட்டிக் கிடந்த நாலு மாதமும் அதில் தண்ணீர் விழவில்லை. தரையில் தண்ணீர் போகிற இடத்தில் பிளம்பர்கள் நஹானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் இருக்கிறதே, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குக் கதவு. வெயில் காலத்தில் அது வற்றிவிட்டால் அழுகின முட்டை வாடை நேரே மேலே வரும். இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினேன். நெடுநாள் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் அதன் மேல் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் வற்றாது. சாயங்காலம் அவளே போன் செய்து வாடை இல்லை என்றாள். இந்த இடத்தில் சோடாவோ, எலுமிச்சையோ, ஸ்ப்ரேயோ, பினாயிலோ எதை ஊற்றியிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்காது. அடுக்களைக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்து வாடை வந்தால் அது வேறு. சோடா தூவி, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான தண்ணீரை நிறைய விட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் நெகிழ்ந்துபோகும்.

ரூம் ஸ்ப்ரே வாங்க வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். ஒரு பாட்டில் வெள்ளை வினிகர், ஒரு பாக்கெட் ஆப்பசோடா, ஒரு பை சிரட்டைக் கரி. புளி எப்படியும் வீட்டில் இருக்கும். "சாம்பிராணி வேண்டாமா அத்தை?" என்று கேட்டாள். வேண்டும்தான். ஆனால் கடைசியில். சாம்பிராணி எந்த வாடையையும் எடுப்பதில்லை, மேலே ஒரு மணத்தைப் போர்த்துகிறது. புகை என்பதால் இளைப்பு உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது, குளித்த பிள்ளைக்குத் தலை காயப் புகை காட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கம்ப்யூட்டர் சாம்பிராணியை விடத் தணலில் போடும் கட்டிச் சாம்பிராணியின் மணம் எனக்கு இதம். ஆனால் தணல் எரியும்போது அறையைப் பூட்டிவைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு சேரும்.

மாமியார் இருந்தவரை வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது தவறாது. மெத்தை மாற்றி, தரை துடைத்து, வாசலும் புறவாசலும் திறந்துவைத்த பிறகு, தூபக்காலை அவர் கட்டிலுக்கு எட்டத்தில், நடையில் வைப்பேன். இரண்டு சிரட்டைக் கரித்துண்டு, மேலே ஒரு சிட்டிகை. புகை பட்டாசலைக் கடந்து புறவாசல் வழியாக வெளியே போகும் வரை படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம், "இனி ஆரும் வந்தா வரச் சொல்லு" என்பார். நான் போய் விளக்கேற்றுவேன்.